வலை கொடுத்தாயிற்று, ஆனால் தொங்கவில்லை: மலேரியா தடுப்பு எந்த இடத்தில் அறுந்துபோகிறது?

#1 வலைக்கண்ணி

மருந்தேற்றிய கொசுவலையை வீடு வீடாகக் கொடுத்து முடித்த பிறகு வரும் சிக்கலைப் பற்றி ஓர் இழை தொடங்குகிறேன். பதிவேட்டில் வலை இருக்கிறது. இரவில் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் அது உறை பிரிக்காமல் பெட்டிக்குள் கிடக்கிறது. மாத்திரையும் அப்படித்தான். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி அட்டை அலமாரிக்குப் போய்விடுகிறது. "மலேரியா எதனால் வருகிறது?" என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூடக் கொசு என்று சொல்லிவிடும். ஆகவே "விழிப்புணர்வு தேவை" என்ற பதில் எனக்குப் போதாது. செயல் எந்தப் படியில் அறுகிறது, அங்கே என்ன செய்தால் மீண்டும் சேரும் என்று வேலை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 அந்திநேரம்

கேள்வி கேட்கும் முறையிலிருந்தே தொடங்க வேண்டும். "வலை பயன்படுத்துகிறீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தீர்கள்? ஒவ்வொருவரும் எந்த இடத்தில்? அந்த இடத்துக்கு மேலே வலை இருந்ததா?" என்று ஆள் ஆளாகக் கேளுங்கள். அப்போதுதான் திண்ணையில் படுக்கும் தாத்தாவும், வெயில் காலத்தில் மொட்டை மாடிக்குப் போகும் பையன்களும் கணக்கில் வருவார்கள்.

இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது கணக்கு. மொத்தமாக வாங்கும்போது 1.8 பேருக்கு ஒன்று என்று வைப்பது, ஒற்றைப்படை எண்ணிக்கை உள்ள வீடுகளுக்காக. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று வலை வேண்டும். இரண்டைக் கொடுத்துவிட்டு "எல்லோருக்கும் கொடுத்தோம்" என்று எழுதினால் ஐந்தாவது ஆள் வெளியில்தான் படுப்பார்.

அடுத்தது கட்டும் இடம். செவ்வக வலைக்கு நான்கு முனை வேண்டும். தகரச் சுவரிலும் காங்கிரீட்டிலும் சாதாரண ஆணி இறங்காது. வலையோடு நான்கு கொக்கியும் போதுமான நைலான் கயிறும் கொடுத்து, அன்றைக்கே கட்டிவிட்டு வர வேண்டும். கட்டாமல் கொடுத்துவிட்டு வந்த வலை பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கயிற்றைத் தாழ்த்திக் கட்டினால்தான் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக முடியும். 150 செ.மீ. உயர வலையை ஆள் உயரத்துக்குக் கட்டினால் கீழே இடைவெளி விழும், கொசு அந்த வழியாக நுழையும். பகலில் சுருட்டி மேலே முடிந்துவைக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரே அறையில் புழங்கும் குடும்பங்கள், பகல் முழுக்க வலை இடித்துக்கொண்டே இருப்பதால்தான் அதைக் கழற்றிப் போடுகிறார்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது முதல் இரவு. புது வலையை உறையிலிருந்து எடுத்த உடனே அதற்குள் படுத்தால் முகம் எரியும், தும்மல் வரும், சிலருக்குத் தோல் சுணைக்கும். எடுத்ததும் வீட்டுக்கு வெளியே நிழலில் ஒரு பகல் ஓர் இரவு, 24 மணி நேரம், விரித்துப் போட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த ஒரு ராத்திரி எரிச்சலிலேயே வலை பெட்டிக்குள் போய்விடும். "விஷ வலை" என்ற பேச்சு பக்கத்து வீட்டுக்கும் பரவும். எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுமார் 20 துவைப்பு, மூன்று ஆண்டுப் புழக்கம் தாங்கும் அளவுக்குத்தான் மருந்து ஏற்றப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். குளிர்ந்த தண்ணீர், காரமில்லாத சோப்பு. ஊறவைக்கக் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது, வெளுப்புத்தூள் கூடாது, உலர்த்துவது நிழலில். துவைத்த தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டினால் மீன் செத்துப்போகும். நீர்நிலைக்குத் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.

#3 வலைக்கண்ணி

முதல் இரவு விஷயம் எங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரே வரியாக, அதுவும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் கொண்டுவர வேண்டும். புழுக்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு என்ன பதில்?

#4 அந்திநேரம்

"புழுக்கமே இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலைக்குள் காற்று குறைவது உண்மை. ஒப்புக்கொண்டுவிட்டு, படுக்கையை ஜன்னலோரம் நகர்த்த முடியுமா, மின்விசிறி இருந்தால் தலைக்கு மேலிருந்து வீசுவதை விடப் பக்கவாட்டில் வைத்தால் வலை வழியாகக் காற்று வருகிறதா என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள். கொசு குறைந்திருக்கும் வறண்ட மாதங்களில்தான் கழற்றுகிறார்கள். மழைக்கு முன் ஒரு சுற்று வீடு வீடாகப் போய்த் திரும்பக் கட்டவைப்பது பலன் தரும்.

#5 தேக்கநீர்

கொசு உற்பத்தி பற்றி யாரும் எழுதவில்லை. இங்கே ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. மலேரியாக் கூட்டத்திலும் பேசுவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு பற்றித்தான். அதெல்லாம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் இடங்கள். மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ். இனத்துக்கு இனம் அதன் இடம் மாறும்: வயல் நீர், ஓடை ஓரக் குட்டை, கிணறு, கட்டுமானக் குழி. நகரத்தில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி மேல்நிலைத் தொட்டியிலும் கீழ்நிலைத் தொட்டியிலும் உள்ள சுத்தமான தண்ணீரில் முட்டையிடும். தெற்காசியாவின் இந்தக் கொசு 2012-இல் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு ஆப்பிரிக்க நகரங்களிலும் தண்ணீர்த் தொட்டி மலேரியாக் கவலையாகிவிட்டது.

புழுவை வைத்தே மக்களுக்கு வேறுபாட்டைக் காட்டிவிடலாம். ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வைத்தால், அனாபிலிஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். ஏடிஸும் கியூலெக்ஸும் மூச்சுக்குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். ஐந்து நிமிடம் இதைக் கண்ணால் பார்த்தவருக்கு ஒரு மணி நேரப் பேச்சு தேவையில்லை. எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முட்டை, பறக்கும் கொசுவாக மாற வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். "வாரம் ஒரு நாள்" என்ற விதி இதிலிருந்து வந்தது. அந்த ஒரு நாளில் தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது, பக்கச் சுவரைத் தேய்க்கவும் வேண்டும். காலி செய்ய முடியாத பெரிய தொட்டிக்கு இறுக்கமான மூடி, வழிநீர்க் குழாய் வாயிலும் காற்றுக் குழாயிலும் கொசு நுழையாத வலைத்துணி. மூடி போட்டுவிட்டு வழிநீர்க் குழாயைத் திறந்தே விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கொசுப்புழுவைக் கொல்லும் டெமிஃபாஸ் மருந்தை ஊற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் மருந்துச்சத்துக்கு மேல் போகக் கூடாது. 1000 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம் சத்து. 1 சதவீத மணல் குருணை என்றால் 100 கிராம். தொட்டியின் கொள்ளளவைப் பாருங்கள் என்பதை விட, அப்போது உள்ள தண்ணீரை அளந்து போடுங்கள் என்பேன். கால்வாசித் தண்ணீருக்கு முழுத் தொட்டி அளவு போட்டால் வாடை அடிக்கும். அடுத்த முறை கதவு திறக்காது.

மூடி ஏன் திறந்து கிடக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நிரம்பியதா என்று எட்டிப் பார்ப்பவர் ஒருவர், திட்டு வாங்குபவர் வேறொருவர். மோட்டார் போடும் ஆள் யாரோ அவரிடம்தான் பேச வேண்டும். ஏணி இல்லாத தொட்டியை மூடச் சொல்லி, மேலே ஏற முடியாத பெரியவரிடம் கையெழுத்து வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை.

#6 கரைமேடு

> மூடி ஏன் திறந்து கிடக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள்

கேட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாவது முறை அபராதம். அதுதான் வேலை செய்யும்.

#7 தேக்கநீர்

கரைமேடு, பாதி ஒத்துக்கொள்கிறேன். கட்டுமான இடம், அடுக்குமாடி நிர்வாகம், தொழிற்சாலை இவற்றுக்கு அபராதம் சரி. அங்கே பொறுப்பானவர் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் தூங்குபவர் அல்லர். நோய் வேறு யாருக்கோ வருகிறது, ஆகவே அவருக்கு வேறொரு அழுத்தம் வேண்டும். குடியிருப்பு வீட்டில் அதையே செய்தால் அடுத்த வாரம் களப்பணியாளரைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள். அதே களப்பணியாளர்தான் காய்ச்சல் கணக்கும் எடுக்கிறார், ரத்தமும் எடுக்கிறார். தொட்டிக்காக அந்த நம்பிக்கையைச் செலவழித்தால் நோயாளியையே தவறவிடுவோம்.

#8 கரைமேடு

அந்தப் பிரிப்பு நியாயம். ஒரே ஆள் அபராதமும் போட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது என்பதையாவது விதியாக வைக்கலாம்.

#9 நுண்ணோக்கி

பரிசோதனைப் பக்கம் எழுதுகிறேன். காய்ச்சல் தொடங்கி 24 மணி நேரத்துக்குள் சோதனை என்பது இலக்கு. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக நாள்கணக்கில் காத்திருந்த அனுபவம் உள்ள மக்கள் மறுபடி வரமாட்டார்கள். துரிதப் பரிசோதனை அட்டையில் 15 முதல் 20 நிமிடத்தில், அட்டை உறையில் எழுதியுள்ள நேரப்படி, முடிவு கிடைக்கும். ஆளை உட்காரவைத்தே சொல்லிவிட வேண்டும்.

அட்டையில் நடக்கும் தவறுகள் சில்லறைத்தனமாகத் தெரியும், ஆனால் முடிவையே மாற்றிவிடும். உறையை முன்கூட்டியே கிழித்து வைத்தால் அட்டை ஈரம் இழுத்துவிடும். ரத்தம் ஒரு குழியில், கரைசல் இன்னொரு குழியில், மாற்றி விடக் கூடாது. துளி எண்ணிக்கை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஒரு பெட்டியின் கரைசலை இன்னொரு பெட்டியின் அட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. சொன்ன நேரத்துக்கு முன் பார்த்தாலும் தவறு, வெகுநேரம் கழித்துப் பார்த்தாலும் தவறு. மங்கலான கோடும் பாசிட்டிவ்தான். கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லை என்றால் அந்த அட்டை செல்லாது, புதிதாகப் போட வேண்டும். சேமிப்பு வெப்பநிலையும் பெட்டியிலேயே இருக்கும். வெயிலில் நின்ற வண்டிக்குள் மதியம் முழுக்கக் கிடந்த பெட்டியை நம்பாதீர்கள்.

ஒரு வதந்தியின் வேரையும் சொல்ல வேண்டும். ஃபால்சிபாரம் என்ற கடும் மலேரியா வகைக்கான அட்டை பிடிப்பது, அந்த ஒட்டுண்ணியின் ஹெச்ஆர்பி-2 என்ற புரதத்தை. மருந்து வேலை செய்து ஒட்டுண்ணி செத்த பிறகும் அது ரத்தத்தில் பல வாரம் இருக்கும். மாத்திரை முடித்த பத்தாம் நாள் யாராவது மறுபடி அட்டை போட்டுப் பார்த்து, "மருந்து பொய்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். குணமானதா என்று பார்க்க அட்டை உதவாது, ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதை மாத்திரை கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

நெகட்டிவ் வந்தவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்றால், உடம்பு கொதிக்கும் மனிதருக்கு அது அவமானம். மலேரியா இல்லை என்பதையும், வேறு காரணத்துக்கு எங்கே போக வேண்டும் என்பதையும், காய்ச்சல் விடாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் திரும்ப வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். சோதனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நெகட்டிவ் ஆகும் இடத்தில் அவர்கள்தான் ஊரில் உங்களைப் பற்றிப் பேசப்போகிறவர்கள்.

#10 மருந்துச்சீட்டு

மாத்திரை நடுவில் நிற்பதற்கு வருகிறேன். அளவுகள் அந்தந்த நாட்டுச் சிகிச்சை வழிகாட்டியையும் எடையையும் பொறுத்தவை. நான் சொல்வது படிகளை.

ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் என்ற கூட்டு மாத்திரை என்றால் மூன்று நாளில் ஆறு வேளை. பெரியவருக்கு வேளைக்கு நான்கு, மொத்தம் 24 மாத்திரை. முதல் வேளையைக் கண் முன்னாலேயே விழுங்கவையுங்கள். இரண்டாவது வேளை 8 மணி நேரம் கழித்து. இங்கேதான் அறுகிறது. மாலை 5 மணிக்கு முதல் வேளை கொடுத்தால் அடுத்தது இரவு 1 மணி. யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "எட்டு மணி நேரம் கழித்து" என்று சொல்லாமல் "ராத்திரி ஒரு மணிக்கு" என்று சொல்லுங்கள், வீட்டிலேயே யாருடைய கைப்பேசியிலாவது அலாரம் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த இரண்டு நாளும் காலை, மாலை. லூமிஃபான்ட்ரின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் ஏறும். பால் அல்லது எண்ணெய் சேர்ந்த உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் முழு அட்டையும் விழுங்கியவருக்குக்கூட ரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கலாம். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை முழுதாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதனால் கையிருப்பில் உபரி இருக்கட்டும்.

வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகையின் கதை வேறு. அது கல்லீரலில் உறங்கும் வடிவத்தை விட்டுவைக்கும். ரத்தத்தில் உள்ளதை மட்டும் அழித்தால் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப எழும். அதற்கான பிரைமாக்வின் பல நாடுகளில் 14 நாள் முறை. ஏழு நாள் முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சேர்த்தது. மூன்றாம் நாளே எழுந்து நடமாடும் ஆளைப் பதினான்கு நாள் விழுங்கவைப்பது எளிதல்ல. "முழுசாகச் சாப்பிடு" என்பதை விட, "உங்கள் கல்லீரலில் விதை இருக்கிறது. இப்போது செத்தது செடி. மீதி மாத்திரை விதைக்கு" என்று சொன்னால் பிடிபடுகிறது. சுவர்க் காலண்டரில் பதினான்கு கட்டங்களை வட்டமிட்டு, விழுங்கியதும் அடிக்கச் சொல்லுங்கள். மூன்றாம், ஏழாம், பதினான்காம் நாள் போய்ப் பார்த்தால் நல்லது. வயிற்றுவலிதான் பலர் நிறுத்தக் காரணம். உணவுக்குப் பிறகு கொடுத்தால் குறையும்.

பிரைமாக்வினுக்கு முன், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி போதுமா என்று பார்க்கும் சோதனை தேவை. குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணு உடையும். கர்ப்பிணிக்கும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் கூடாது. சோதனை செய்தவராக இருந்தாலும், சிறுநீர் கட்டங்காப்பி நிறமானால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சொல்லாமல் மாத்திரை அட்டையைக் கையில் கொடுக்காதீர்கள். இப்படி ஒன்று நடந்து, யாரும் எச்சரிக்கவில்லை என்றால் அந்தப் பகுதி முழுக்க மருந்து நின்றுவிடும்.

மீதி மாத்திரையை எடுத்துவைப்பது சோம்பல் அல்ல. அடுத்த காய்ச்சலுக்கு மருந்து கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். "எப்போது காய்ச்சல் வந்தாலும் இங்கே இருக்கும்" என்று சொல்லி, அதன்படி இருப்பும் வைத்தால்தான் அந்தப் பழக்கம் போகும்.

#11 நுண்ணோக்கி

மருந்துச்சீட்டு சொன்னதோடு ஒன்று. வைவாக்ஸில், கொசு வழியாக அடுத்தவருக்குப் பரவும் ஒட்டுண்ணி வடிவம் ரத்தத்தில் சீக்கிரமே வந்துவிடும், சிலரிடம் காய்ச்சலுக்கு முன்பேகூட. ஃபால்சிபாரத்தில் அது பத்து நாளுக்கு மேல் கழித்து வரும். அதனால்தான் ஃபால்சிபாரத்தில் முதல் நாள் சிகிச்சை பரவலையே வெட்டுகிறது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பக்கத்து வீட்டுக்குப் போகும் நோய்.

#12 அந்திநேரம்

வீட்டுக்குள் சுவரில் மருந்து தெளிப்பது பற்றியும் ஒரு குறிப்பு. மறுப்புக்கு மூன்று காரணம்: முன்னறிவிப்பு இல்லாமல் வருவது, சுவரில் கறை, "தெளித்த பிறகும் கொசு கடிக்கிறதே" என்ற ஏமாற்றம். மூன்றாவதை முன்கூட்டியே விளக்க வேண்டும். இந்த மருந்து கடிப்பதைத் தடுப்பதற்கல்ல. கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும் கொசு சாகும், அது நோயை அடுத்தவருக்குக் கொண்டுபோக உயிரோடு இருக்காது. ஆகவே ஊரில் 80 சதவீத வீடுகளாவது தெளிக்காமல் பலன் தெரியாது.

தெளிப்பவர் முனையைச் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளிப் பிடித்து, 75 செ.மீ. அகலப் பட்டைகளாக, ஒன்றன் மேல் ஒன்று 5 செ.மீ. ஏறும்படி போக வேண்டும். உணவு, பாத்திரம், தண்ணீர்க் குடம் வெளியே. நகர்த்த முடியாததை அறை நடுவில் கூட்டி மூட வேண்டும். தெளித்து இரண்டு மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. பிறகு தரையைப் பெருக்கி, செத்த பூச்சிகளைக் கோழி கொத்தாமல் புதைக்க வேண்டும். சுண்ணாம்பு அடிப்பதையும் மண் பூசுவதையும் எந்த மாதம் செய்வார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு தேதி வையுங்கள். தெளித்த மறுவாரம் பூசினால் மருந்து பூச்சுக்கு அடியில் போய்விடும்.

புகை அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், சுவரில் எதுவும் தங்காது. நோய் வெடித்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

#13 வலைக்கண்ணி

நன்றி. குழந்தைகள், கர்ப்பிணிகள்? ஆபத்து அறிகுறி தெரியாமல் தாமதிப்பதும் இருக்கிறது.

#14 மருந்துச்சீட்டு

வலிப்பு, விழிப்பின்மை, குடிக்க முடியாமை, நிற்காத வாந்தி, மூச்சு வாங்குதல், கண்ணிமை உள்பக்கம் வெளிறுதல், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர். இவற்றில் ஒன்று இருந்தாலும் வாய் மாத்திரையோடு வீட்டில் வைக்கக் கூடாது. வலிப்பைப் பல இடங்களில் வேறொரு நோய் என்று நினைத்து வேறு ஆளிடம் கொண்டுபோகிறார்கள். "காய்ச்சலோடு வலிப்பு வந்தால் மலேரியாச் சோதனை" என்ற ஒரே வாக்கியத்தை அந்த ஆளிடமும் சொல்லிவையுங்கள். அவரைப் பகைத்துக்கொள்ளாமல், முதலில் இங்கே அனுப்புபவராக ஆக்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆசனவாய் வழி ஆர்டிசுனேட் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து உடனே அனுப்பலாம். கொடுத்ததும் பிள்ளை தெளிவது போலத் தெரியும், பயணத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள். அது முழுச் சிகிச்சை அல்ல என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிக்கு வலை முதல் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே. தடுப்பு மருந்து கொடுக்கும் நாடுகளில் சல்ஃபடாக்சின்-பைரிமெதமின் 13-ஆம் வாரத்திலிருந்து, வேளைக்கு இடையே ஒரு மாதமாவது விட்டு. அப்போது ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் மாத்திரை கூடாது, மருந்தை முறித்துவிடும். 0.4 மில்லிகிராம் போதும். மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மருந்தில் முதல் நாள் மருந்தைப் பணியாளர் கொடுப்பார், இரண்டாம் மூன்றாம் நாள் தாய் கொடுக்க வேண்டும். அதில் உள்ள அமோடியாகுவின் மாத்திரை கசக்கும், பிள்ளை துப்பும், தாய் விட்டுவிடுவார். இனிப்பு கலந்து கரைத்துக் கொடுப்பதை முதல் நாளே செய்து காட்டுங்கள். தடுப்பூசிகளும் வந்துவிட்டன: ஆர்டிஎஸ்,எஸ் 2021-இல், ஆர்21 2023-இல் பரிந்துரைக்கப்பட்டன. ஊசி போட்ட பிள்ளையும் வலைக்குள்தான் தூங்க வேண்டும்.

#15 கரைமேடு

நோய் குறைந்த பகுதியில் "இப்போதுதான் யாருக்கும் இல்லையே" என்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

#16 தேக்கநீர்

இலங்கையைச் சொல்லுங்கள். 1963-இல் நாடு முழுக்க 17 நோயாளிகள். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பியது. அதிலிருந்து மீண்டுவர 2012 ஆனது. அந்த அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கும் மேல் உள்ளூர்ப் பரவல் இல்லாததால், 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற உலக சுகாதார நிறுவனச் சான்று கிடைத்தது. அங்கே இன்றும் வெளிநாட்டிலிருந்து வரும் காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். குறைந்த பகுதியில் வீட்டுக்கு வீடு பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். பயணம் போய்வந்தவர், புதிதாக வந்த தொழிலாளர் குடியிருப்பு, இவர்களின் காய்ச்சலை மட்டும் ஒன்று விடாமல் பிடியுங்கள்.

#17 வலைக்கண்ணி

இரவுக் காவல், வயலில் தண்ணீர் பாய்ச்சுபவர், மீன் பிடிப்பவர்? வலை அவர்களுக்கு எப்படி?

#18 அந்திநேரம்

வலை பலிக்காது. நீளக் கை, நீளக் கால், பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து ஏற்றிய உடை. தோலில் 20 முதல் 30 சதவீத டீட் என்ற கொசுவிரட்டிப் பூச்சு, வியர்வையில் கரைந்தால் திரும்பப் பூச வேண்டும். சோதனை நிலையம் காலை பத்து மணிக்குத் திறந்தால் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து திரும்பும் வழியில், விடியற்காலையில், அட்டையோடு ஓர் ஆள் இருக்கட்டும்.